மூன்றாவது பெடல்

நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற வண்டியைக் கண்டால் நம் ஆட்களுக்குக் கை அரிக்கத் தொடங்கிவிடும். எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. அவரவர் கை, அவரவர் வண்டி. ஆனால் அதைப் பிரித்துப்போட என் கார் ஷெட்தான் கிடைத்ததா?

போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மச்சினனின் காண்டெஸா என் ஷெட்டுக்குள் கல் மேல் நிற்கிறது. என் கார் தெருவில், வேப்பமரத்தடியில், காக்கைகளின் பராமரிப்பில். "சின்ன வேலைதான் அத்தான். ஆட்டோமேட்டிக் பெட்டியை இறக்கிட்டு மேனுவல் ஏத்தணும். நாலு போல்ட்டுதான்லா" என்றான்.

அந்த வண்டியின் ஜாதகத்தைச் சொல்லாவிட்டால் என் எரிச்சலின் அளவு உங்களுக்குப் புரியாது. காண்டெஸா வந்தது 1984-இல். இங்கிலாந்தில் வாக்ஸ்ஹால் செய்து முடித்துவிட்ட ஒரு காரின் உடம்பு. அதற்குள் அம்பாசிடரின் 1489 சிசி என்ஜின். பல்லக்கைத் தூக்க ஒற்றை ஆளை விட்ட மாதிரி. பிறகு இசுசு 1.8 லிட்டர் என்ஜினும் ஐந்து கியரும் வைத்தார்கள், வண்டிக்கு உயிர் வந்தது. 2002-இல் நிறுத்திவிட்டார்கள். மச்சினன் வாங்கியது இசுசு வண்டி. கவனியுங்கள்: ஐந்து கியர், மூன்று பெடல். பிறவியிலேயே மேனுவல்.

அது ஒழுங்காக ஓடியது. அதுதான் அதன் குற்றம். இசுசுவைக் கழற்றிவிட்டு டொயோட்டாவின் 1ஜேஇசட் என்ஜினை வைத்தான். இரண்டரை லிட்டர், வரிசையாக ஆறு சிலிண்டர். அதன் பின்னால் ஆட்டோமேட்டிக் பெட்டியும் ஒட்டிக்கொண்டு வந்தது. வந்ததை எதற்கு விட வேண்டும் என்று அதையும் சேர்த்தே ஏற்றினான். கிளட்ச் பெடலுக்கு வேலை போயிற்று. பழைய கியர் பெட்டியோடு அதையும் கழற்றி எடைக்குப் போட்டான். இப்போது அதே பெடலைத் தேடி ஊர் ஊராக அலைகிறான். "கியர் போட்டு ஓட்டினாத்தான் அத்தான் வண்டி ஓட்டின மாதிரி இருக்கும்." இருந்ததை ஏனடா கழற்றினாய் என்று அவன் அக்காவின் முன்னால் கேட்கும் துணிச்சல் இந்த வீட்டில் யாருக்கும் கிடையாது.

அந்த நாலு போல்ட்டுக்கு வருவோம். ஆட்டோமேட்டிக்கில் என்ஜினின் பின்முனையில் மெல்லிய தகடு ஒன்றுதான் இருக்கும். அதை எடுத்துவிட்டுக் கனமான ஃப்ளைவீல் போட வேண்டும். தகட்டின் போல்ட் அதற்கு நீளம் காணாது. கிராங்க் முனைக்குள் ஒரு பைலட் பேரிங், அப்புறம் கிளட்ச் தட்டு, பிரஷர் பிளேட். பெடலுக்கு மாஸ்டர் சிலிண்டர், அதற்குத் தகரச் சுவரில் ஓட்டை. பெட்டியின் நீளம் மாறுவதால் புரொப்பல்லர் ஷாஃப்டை வெட்டி ஒட்டி, ஆடாமல் பேலன்ஸ் பார்க்க வேண்டும். கியர் ஆயிலைக் குளிர்விக்க ரேடியேட்டருக்குப் போன குழாய்களை அடைக்க வேண்டும். எல்லாம் முடித்துச் சாவியைத் திருப்பினால் வண்டி இருமக்கூட இருமாது. பார்க்கிலோ நியூட்ரலிலோ இருந்தால்தான் ஸ்டார்ட் ஆகும் என்று ஒரு சுவிட்ச், கழற்றி வைத்த பெட்டியோடு போயிருக்கும். அதற்கும் ஒரு ஒயரை இழுத்துவிட வேண்டும்.

சட்டம் பேசிப் பார்த்தேன். கம்பெனி கொடுத்த வடிவத்தை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது, கேரளத்து வழக்கு ஒன்றில். "ஆர்.சி. புக்கில கியர் பெட்டி நம்பர் கிடையாதுலா அத்தான்" என்றான். என்ஜின் நம்பர் உண்டே என்றேன். அது அவன் காதில் விழவில்லை.

ஆட்டோமேட்டிக்தான் மேல் என்பதற்கு மூன்று காரணங்கள் சொல்லத்தான் உட்கார்ந்தேன். முதல் காரணம் என் இடது முழங்கால். சாயங்கால நெரிசலில் நாகர்கோவில் வடசேரியைத் தாண்டியவர்களுக்கு விளக்கம் வேண்டாம்.

இரண்டாவதைச் சொல்லுமுன் இந்தக் கியர் பித்து எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். எங்கள் ஜில்லாவில் யாரும் கியரை டிரைவிங் ஸ்கூலில் படிக்கவில்லை. நேசமணி போக்குவரத்துக் கழக பஸ்ஸின் முன்சீட்டில் படித்தோம். நாகர்கோவிலிலிருந்து பேச்சிப்பாறை போகிற பஸ், டிரைவருக்குப் பக்கத்தில் என்ஜின் பெட்டி, அதை ஒட்டி நெடிய கம்பி, உச்சியில் கறுப்புக் குண்டு. பஸ் நிற்கும்போது அந்தக் கம்பி தனியாக நடுங்கும். டிரைவர் அதைப் பிடிக்க மாட்டார், உள்ளங்கையால் தள்ளுவார். சிங்க்ரோமெஷ் இல்லாத பெட்டி. சுங்கான்கடை ஏற்றம் வந்தால் கிளட்சை மிதித்து நியூட்ரல், விட்டு ஆக்சிலரேட்டரில் ஓர் உறுமல், மறுபடி மிதித்துக் கீழ்க் கியர். பல் கடிக்காமல் விழுந்தால் பஸ்ஸில் ஒரு நிம்மதி. கடித்தால் பின்சீட்டிலிருந்து "புது ஆளு போலிருக்கு" என்று தீர்ப்பு வரும். வில்லுக்குறியில் எதிரே வரும் டிரைவருக்கு அந்தக் கையால்தான் வணக்கம். புலியூர்க்குறிச்சியில் அதே கையால் மூக்குப்பொடி. தக்கலையில் இறங்கும் பெண்ணைத் திரும்பிப் பார்க்கும்போதும் கை குண்டின் மேல்தான். இன்னும் சொல்லிக்கொண்டே போகலாம். குலசேகரம் வரவே இன்னும் எத்தனையோ வளைவு இருக்கிறது. அந்தக் கையைப் பார்த்து வளர்ந்தவன் டி-யில் போட்டுவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொள்வானா? அவனுக்குக் கார் வேண்டாம், அந்தக் குண்டு வேண்டும். பிடிக்க எதுவும் இல்லாவிட்டால், ஓட்டுவது தான் இல்லையோ என்று சந்தேகம் வந்துவிடுகிறது. எனக்கும்தான், காலியான இடத்தில் என் இடது கால் இன்னும் மிதித்துக்கொண்டே இருக்கிறது.

2014-ஐப் பாருங்கள். பிப்ரவரியில் கிளட்ச் பெடல் இல்லாத செலேரியோ குறைந்த விலைக்கு வந்தது. மே மாதம் அம்பாசிடரை நிறுத்தினார்கள். காலம் பெடலைக் கழற்றிக்கொண்டு போகிறது, மச்சினன் எதிர்த்திசையில் ஸ்பேனரோடு வருகிறான்.

இரண்டாவது காரணம்... "அத்தான், டார்ச்சைக் கொஞ்சம் காட்டுங்க" என்று ஷெட்டிலிருந்து சத்தம். போகாவிட்டால் அக்காவைக் கூப்பிடுவான்.

அதற்குள் ஒரு வேண்டுகோள். அந்த என்ஜினுக்குப் பொருந்துகிற டொயோட்டா ஆர்154 ஐந்து கியர் பெட்டி கிடைப்பது அரிது, விலையும் கொள்ளை. உங்களில் யாரிடமாவது ஒன்று சும்மா கிடந்தால் தயவுசெய்து வாயைத் திறக்காதீர்கள். எடைக்குப் போட்டுவிடுங்கள்; எடைக்கு உண்டான காசை நான் தருகிறேன்.