எலி டாக்டர்

ராத்திரி ஒன்பதரைக்குச் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒன்றாம் நம்பர் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் வருகிறவர்களில் அவனைக் கண்டுபிடிப்பது சுலபம். பாதி சீட் காலியாக இருந்தாலும் யார் பக்கத்திலும் உட்காராமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பான். சட்டைக் கையில் மரத்தூள் ஒட்டியிருக்கும். என்ன படிப்பு என்று யாராவது கேட்டு, அவன் "நியூரோ சயின்ஸ், பிஎச்.டி." என்று சொல்லி முடிப்பதற்குள், கேட்டவர் தன் ஒற்றைத் தலைவலியின் வரலாற்றை ஆரம்பித்திருப்பார்.

சித்திரை வீதியில் நாங்கள் இருக்கும் வீட்டில் நான்கு போர்ஷன். மாடி அறை அவனுக்கு. கால் மரத்துப்போவது, மறதி, மருமகள் குரல் கேட்டதும் வரும் படபடப்பு எல்லாம் மாடிப்படி ஏறிப் போகும். "நான் அந்த டாக்டர் இல்ல மாமா" என்று கெஞ்சுவான். "பின்னே எந்த டாக்டர்?" என்று ஒருநாள் விடாமல் கேட்டபோது, "எலியை வெச்சுப் பண்றேன்" என்று உளறிவிட்டான். பட்டம் வாங்குவதற்கு முன்பே பட்டப்பெயர் கிடைத்தது.

அவனுடைய விஷயம் ஆட்டிசம். வலிப்புக்குத் தருகிற வால்ப்ரோயிக் அமிலத்தைச் சினை எலிக்குப் பன்னிரண்டாம் நாள் வாக்கில் ஊசி போட்டால், பிறக்கும் குட்டிகள் மற்ற எலிகளோடு சரியாக ஒட்டுவதில்லை; செய்ததையே திரும்பத் திரும்பச் செய்யும். இரண்டு கிராம்கூடத் தேறாத அந்த மூளைகளில்தான் நான்கு வருஷமாக அவனுடைய நிஜமான ஜாகை.

திரும்பத் திரும்பச் செய்வதை அளக்க ஒரு வழி இருக்கிறது. மரத்தூளில் இருபது கோலிக்குண்டை வைத்து, அரை மணியில் எலி எத்தனையைப் புதைக்கிறது என்று எண்ண வேண்டும். குண்டு வாங்கப் பெரிய கடைவீதிக்குப் போனான். கூடப் போன பாவம் என்னுடையது.

"பிள்ளைக்கா தம்பி?"

"இல்லைங்க, எலிக்கு. ஜி.எஸ்.டி. நம்பரோட பில் வேணும்."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் எதிர்க்கடைப் பாத்திரங்களைப் பார்த்தேன்.

இன்னொரு சோதனைக்கு மூன்று அறைப் பெட்டி. எலியை நடு அறையில் விடுவார்கள். ஒரு பக்கம் கம்பிக் கூண்டில் முன்பின் தெரியாத எலி. மறுபக்கம் காலிக் கூண்டு. எந்தப் பக்கம் எவ்வளவு நேரம் இருந்தது என்று பத்து நிமிஷம் கணக்கெடுப்பார்கள். இதைத் தெரிந்துகொண்ட பிறகு நான் அவனைக் கல்யாண மண்டபங்களில் கவனிக்க ஆரம்பித்தேன். சம்பந்திகள் ஒரு பக்கம், பந்தி ஒரு பக்கம். அவன் மட்டும் செல்போன் சார்ஜர் இருக்கும் சுவரோரமாக, முகூர்த்தம் முடியும்வரை. எலியாக இருந்திருந்தால் அவனைப் பற்றி ஒரு பேப்பரே போட்டிருக்கலாம்.

படிக்கிற வியாதியைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் காண்பது மாணவர்களுக்கு வழக்கம்தானே. ஆட்டிசம் வியாதி இல்லை என்று அவனே திருத்துவான். ஆனாலும் தேடுவதை விடமாட்டான். நாற்பது வருஷமாக ஒரே நேரம், ஒரே வழி, ஒரே தூண் என்று விஸ்வரூப தரிசனத்துக்குப் போகும் பக்கத்துப் போர்ஷன் தாத்தாவை ஓரக்கண்ணால் பார்ப்பான். காப்பி டபராக்களை உயர வரிசையில் அடுக்கும் என்னையும் பார்ப்பான். தான் மூன்று வேளையும் தயிர்சாதம் சாப்பிடுவது அந்தக் கணக்கில் வராது. ஜே.ஆர்.எஃப். என்கிற ஆராய்ச்சி உதவித்தொகையை மாதம் 37,000 ரூபாய் என்று 2023-இல் உயர்த்தினார்கள். மாதா மாதம் வரும் என்று யாரும் சொல்லவில்லை. தயிர்சாதம் அதனாலும் இருக்கலாம்.

இப்படிப்பட்டவனுக்குச் சிங்கம் மாதிரி ஒரு குரல் உண்டு. "தடுப்பூசி போட்டதாலதான் குழந்தைக்கு இப்படி ஆயிடுத்து" என்று யாராவது திண்ணையில் சொன்னால் போதும். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்டு 1998-இல் வேக்ஃபீல்டு எழுதிய கட்டுரை, அதில் வெறும் பன்னிரண்டு குழந்தைகள், 2010-இல் லான்செட் பத்திரிகையே அதைத் திரும்பப் பெற்றது என்று மூச்சுவிடாமல் கொட்டுவான். அம்மாவின் வளர்ப்பு சரியில்லை என்று சொன்னாலோ இன்னும் மோசம். அந்தப் பழியைப் போன நூற்றாண்டிலேயே சுமத்தி, போன நூற்றாண்டிலேயே கைவிட்டாயிற்று என்பான். லியோ கானர் 1943-இல் பதினோரு குழந்தைகளைப் பற்றி எழுதியதைக் கொண்டாடுகிறவர்கள், 1925-லேயே எழுதிய சுகாரேவா என்ற ரஷ்யப் பெண் டாக்டரை மறந்தது ஏன் என்று டீக்கடைக்காரரிடம் நியாயம் கேட்டிருக்கிறான். "சர்க்கரை போடவாங்க?" என்றார் அவர்.

கீழ்ப்போர்ஷனில் ஒன்பது வயதுப் பையன். பேச்சு குறைவு. இன்னொரு போர்ஷன் மாமி மாவு அரைக்கும்போதெல்லாம் வந்து கிரைண்டர் குழவி சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருப்பான். மிக்ஸி போட்டால் மட்டும் அலறிக்கொண்டு ஓடிவிடுவான். மாமி ஒருநாள் எலி டாக்டரைப் படியிலேயே மடக்கினாள்.

"ஏண்டா அம்பி, ரெண்டும் சத்தம்தானே? இது ஆகறது, அது ஏன் ஆகலை?"

அவன் அமிக்டலா, தாலமஸ் என்று தரையைப் பார்த்து ஆரம்பித்தான். மாமிக்கு ஒன்றும் புரியவில்லை. தலையைச் சொறிந்துகொண்டான். பிறகு, "மாமி, கோயிலுக்கு ஏழு பிரகாரம். கூட்டம் ஒவ்வொரு வாசலா வடிகட்டித்தானே உள்ளே போறது? வைகுண்ட ஏகாதசிக் கூட்டம் மொத்தமும் ஒரே நிமிஷத்துல சன்னிதிக்குள்ள நுழைஞ்சா? மிக்ஸி அவனுக்கு அப்படி. கிரைண்டர் சீரா சுத்தறது, அடுத்தது என்னன்னு தெரியும். மிக்ஸி சொல்லாம வரது" என்றான்.

"அட ராமா, வலிக்குமேடா குழந்தைக்கு!" என்றாள் மாமி.

கைடு மூன்று முறை திருப்பி அனுப்பிய முன்னுரையில் இந்த வாசல் விஷயம் கிடையாது. நான் படித்துப் பார்த்தேன்.

இப்போதெல்லாம் தேங்காய் அரைக்கும் முன்னால் மாமி முற்றத்தைப் பார்த்து, "கண்ணா, மிக்ஸி போடப் போறேன்" என்று குரல் கொடுக்கிறாள். பையன் காதைப் பொத்திக்கொண்டு வாசலுக்குப் போகிறான். சத்தம் நின்றதும் வந்துவிடுகிறான். எலி டாக்டரின் தீசிஸ் மூன்றாம் அத்தியாயத்தில் நிற்கிறது.