உலக்கைக்குப் பொறந்த வயிறு

வாலே பேராண்டி, திண்ணையில ஏறி உக்காரு. பனியன எதுக்குக் கழத்துத, கொசு கடிக்கும். ஓ, வயித்தக் காட்டவா? காட்டு, காட்டு. எண்ணிப் பாத்தா ஆறு கட்டம் இருக்கு. இன்னும் ரெண்டு மூணு கட்டம் வளத்தேன்னா உங்க ஆச்சியக் கூப்புட்டு தாயம் வெளையாடிரலாம்.

ஊரு உலகத்துல எல்லாவனும் அடி வாங்காம இருக்கதுக்கு வழி கேப்பான். நீ அடி வாங்குறதுக்கு வழி கேட்டு நூறு ரூவாய்க்குப் பெட்ரோலு போட்டு வந்துருக்க. கராத்தே வகுப்புல எவனோ வயித்துல ஒரு குத்து விட்டானாம், நீ வாழையிலை மாதிரி சுருண்டு உக்காந்துட்டியாம், உங்கம்மா சொன்னா. வீட்டுல உலக்கையக் காணும்னும் சொன்னா. ராத்திரி மொட்டை மாடியில அத வச்சி நீயே வயித்துல இடிச்சிக்கிடுதியாமே? ஏலே, நெல்லாவது இடிக்க இடிக்க அரிசியாவும். நீ என்னவா ஆவலாம்னு இருக்க?

சரி, கோவிச்சிக்கிடாத. ஒரு வெரல நீட்டு. நான் சொல்லுத எடத்துல வச்சி அமுக்கு.

நெஞ்செலும்பு முடிஞ்சி ஒரு பள்ளம் இருக்கா? அதான் நெஞ்சுக்குழி. உள்ள நரம்பு பின்னிக் கெடக்கு. அதுக்கு மேல மூச்சுத் தசை குடை விரிச்ச மாதிரி நிக்கு. இங்கன ஒண்ணு விழுந்துச்சுன்னா குடை இறுக்கிக்கிடும். மூச்சு உள்ளயும் போவாது, வெளியவும் வராது. கரையில போட்ட கெண்டை மாதிரி வாயத் தொறந்து தொறந்து மூடுவ. செத்தோம்னு தோணும், ஆனா சாவ மாட்ட. கொஞ்ச நேரத்துல அதுவா எளகிரும். அந்தக் கொஞ்ச நேரத்துலதான் பட்டம் போயிரும். அமெரிக்காவுல கார்சன் சிட்டின்னு ஒரு ஊரு. 1897 மார்ச்சுல அங்க கார்பெட்டுன்னு ஒரு பாக்சிங் உலகச் சாம்பியனுக்கும் ஃபிட்சிமன்சுங்கவனுக்கும் சண்டை. அதுவரைக்கும் கார்பெட்டு கைதான் ஓங்கி இருந்துது. 14வது ரவுண்டுல மத்தவன் இடது கையால இந்தப் பள்ளத்துல ஒண்ணு வச்சான். சாம்பியனுக்கு நெனவு தப்பல, எல்லாம் தெரியுது, எந்திரிக்க மட்டும் முடியல. அவன் மொகரையில ஒரு கீறல் விழுந்து தோத்திருந்தாக்கூட ஆறுதலா இருந்திருக்கும்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னு பாக்கியா? மெட்ராசு ஹார்பர்ல மூட்டை தூக்குன காலத்துல ராயபுரத்துல ஒரு பாக்சிங் வாத்தியாருக்கு நான் பீடி வாங்கிக் குடுக்கது வழக்கம். அவரு பாடத்துக்கு பீடிதான் பீசு.

இப்ப வெரல வலது பக்கம் தள்ளு. விலாவுக்கு அடியில. அங்கதான் ஈரலு இருக்கு, ஒன்றரைக் கிலோ. பயந்தா ‘ஈரக்கொல நடுங்கிட்டு’ன்னு சும்மாவா சொன்னான். மூக்குல குத்துனா அப்பவே வலிக்கும். ஈரல்ல குத்துனா ஒரு நொடி ஒண்ணும் இருக்காது. ‘ப்பூ, இவ்வளவுதானா’ன்னு சிரிக்கக்கூட செய்வ. பொறவுதான் பில்லு வரும். ரத்த அழுத்தம் எறங்கி, காலு ரெண்டும் நம்ம பேச்சக் கேக்காது. ஆஸ்கர் டி லா ஹோயான்னு ஒரு பாக்சர், பல பட்டத்துக்குச் சொந்தக்காரன். 2004ல ஹாப்கின்சுங்கவன் அவன் ஈரல்ல ஒரு இடது கைக் குத்து விட்டான், 9வது ரவுண்டு. முட்டி போட்டு, பொறவு தரையில கெடந்து பல்லக் கடிச்சான். ஒடம்புல வலுவில்லைன்னு சொல்ல முடியுமா? ஈரலு என்ன தண்டாலா எடுக்கும்?

அதுலயும் நீ எடதுகைக்காரப் பய. வலது கால முன்னால வச்சி நிப்ப. எதிர நிக்கவனுக்கு ஈரலத் தாம்பாளத்துல வச்சி நீட்டுன மாதிரி.

மிச்சத்த வெரசாச் சொல்லிருதேன். கடைசி ரெண்டு விலாவும் முன்னால ஒட்டாமத் தொங்குத எலும்பு. இடது பக்கம் மண்ணீரலு. முதுவுப் பக்கம் ரெண்டு சிறுநீரகம், அங்க குத்துறது பாக்சிங்குல குத்தம். உன் ஆறு கட்டமும் முன்வாசல் கதவுலே. கதவத் தேக்குல போட்டாச்சு, சன்னலும் கொல்லையும் தொறந்து கெடக்கு.

அப்ப ஒண்ணுமே செய்ய முடியாதான்னு கேக்க. செய்யலாம். ஆனா ஒரு கதையக் கேட்டுட்டுச் செய்.

ஹூடினின்னு ஒரு மாயவித்தைக்காரன். கை வெலங்கு, பெட்டி, சங்கிலி எதுல பூட்டுனாலும் வெளிய வந்துருவான். அவனுக்கும் உன்ன மாதிரி வயித்து மேல ஒரு பெருமை. 1926 அக்டோபர் 22, கனடாவுல மாண்ட்ரியால் ஊரு. நாடகக் கொட்டகை அறையில சோபாவுல சாஞ்சி கெடக்கான். கணுக்கால் ஒடிஞ்சிருக்கு, சட்டுன்னு எந்திரிக்க முடியாது. காலேசுப் பய ஒருத்தன் வந்து, ‘ஐயா, வயித்துல எவ்வளவு குத்துனாலும் தாங்குவீயளாமே’ன்னு கேக்கான். இவன் ஏதோ கடுதாசி பாத்துக்கிட்டே ஆமாங்கான். அந்தக் கோட்டிக்காரப் பய குனிஞ்சி தொப்தொப்புன்னு போட்டுட்டான். வித்தைக்காரன் எந்திரிச்சி நிக்கல, வயித்த இறுக்கல, மூச்சக் கட்டல. கையக் காட்டி நிறுத்துறதுக்குள்ள நாலஞ்சி விழுந்துட்டு. வலியோடயே டெட்ராய்ட்டுக்குப் போயி, காச்சலோட மேடை ஏறிருக்கான். பொறவு அறுத்துப் பாத்தா குடல்வால் வெடிச்சி உள்ள பூரா சீழு. 31ம் தேதி செத்துப்போனான். வயசு 52.

குத்துனதுனாலதான் குடல்வால் வெடிச்சிதான்னு டாக்டருமாருக்குள்ள இன்னைக்கும் வழக்கு உண்டு. முன்னமே அது வீங்கி இருந்திருக்கும், குத்துன வலின்னு நெனச்சி அவன் பெருசா எடுக்காம விட்டுருப்பான்னு ஒரு கட்சி. எனக்கு அந்தக் கட்சி சரின்னு படுது. எப்படிப் பாத்தாலும் ஒண்ணு மாறாது. சங்கிலிய அத்தவன், பெட்டிய ஒடச்சவன், வருதுன்னு தெரியாத குத்துக்கு மட்டும் அவன்ட்ட வித்தை இல்ல.

இத நான் ஹார்பர்ல கண்ணால பாத்துருக்கேன். மேல இருந்து ரெண்டு பேரு மூட்டையத் தூக்கி நம்ம முதுவுல எறக்குவான். எறக்குறதுக்கு முன்ன ‘ஹோய்’னு ஒரு கொரலு குடுப்பான். அந்தக் கொரலு கேட்டதும் வயிறு அதுவா இறுகும், தொண்டையில ‘ம்ஹ்’னு ஒரு சத்தம் வரும், நூறு கிலோ வந்து உக்காரும், நாம நடப்போம். ஒரு நாளு மேல நின்னவனுக்குப் பல்லு வலி, கொரலு குடுக்காம எறக்கிட்டான். அதே மூட்டை, அதே முதுவு. இந்தா, இடுப்புல இன்னைக்கும் அமாவாசைக்கு அமாவாசை ஞாவவப்படுத்துது. ராத்திரி இருட்டுல படி முடிஞ்சிட்டுன்னு காலெடுத்து வச்சி, இன்னொரு படி இருந்தா ஒரு குலுக்கு குலுக்குமே, அது மாதிரிதான். அரை அடிப் பள்ளம், ஆனா மண்டை வரைக்கும் அதிரும்.

அதனால நீ பழக வேண்டியது மூச்சு. குத்து வந்து படுத அந்தக் கணத்துல ‘உஸ்’ஸுன்னு கொஞ்சம் மூச்ச விடணும், அதோட வயித்தச் சுத்தி பெல்ட்டு போட்ட மாதிரி முன்ன, பின்ன, பக்கம் எல்லாம் இறுக்கணும். போட்டோ எடுக்கையில வயித்த உள்ள இழுத்துக்கிடுதியே, அதுக்கு நேரெதிரு. நெஞ்சு நெறையக் காத்த ரொப்பி வச்சிக்கிட்டு வாங்குனா மூச்சு அடைக்கும். முழுசா விட்டுட்டு நின்னாலும் அடுத்த குத்துக்குக் கையில ஒண்ணும் இருக்காது. முக்காப்படி வச்சிக்கிட்டு காப்படி விடு. எந்நேரமும் இறுக்கிக்கிட்டே நிக்கவும் கூடாது. மூணே நிமிசத்துல களைச்சிருவ.

தசைக்கு தண்டாலு, பஸ்கி, முழங்கையில பலகை மாதிரி கெடக்கியளே பிளாங்க்கு, எல்லாம் நல்லதுதான். ஆனா பக்கத்து விலாவ எவனும் நெனைக்க மாட்டக்கான். அதுக்குக் கர்லாக்கட்டை சுத்து. சுத்தும்போது இடுப்பு திரும்பணும், வெறும் கைய மட்டும் ஆட்டுனா ஈ ஓட்டுன மாதிரிதான்.

அடி வாங்கப் பழகுறது அதுக்கும் பொறவு. மொத ரெண்டு மூணு வாரம் கூட்டாளி உள்ளங்கையால தட்டட்டும், குழந்தைய ஒறங்க வைக்கிற மாதிரி. ஒவ்வொரு தட்டுக்கும் நீ மூச்சு விடணும். ஒக்கினாவா கராத்தேயில சான்சின்னு ஒரு பயிற்சி இருக்கு. சிஷ்யன் மூச்ச அளவா இழுத்து விட்டுப் பைய நடப்பான், ஆசான் சுத்தி வந்து தோளுல, வயித்துல, தொடையில அறைஞ்சி பாப்பாரு. பாக்கவனுக்கு அடி மாதிரி இருக்கும். அவரு பானை வாங்குறவன் மாதிரி தட்டிப் பாக்காரு, எங்கயாவது விரிசல் இருக்கான்னு. அது பழகுனா மெடிசின் பாலு. படுத்துக்கிட்டு ஒருத்தன் மெதுவா வயித்துல போடணும், மொதல்ல ஒரு சாண் ஒசரம் போதும். அதுக்குப் பொறவு கிளவுசு போட்டு லேசாக் குத்து. கடைசியாத்தான் நடந்துக்கிட்டே, எப்ப வரும்னு சொல்லாம. மாசக்கணக்கு ஆவும்லே. கியோகுஷின் கராத்தேக்காரன் போட்டியில கையால மொகத்துல குத்தக் கூடாதுன்னு சட்டம் வச்சிட்டு ஒடம்புல வெறுங்கையால சாத்துதான். அவன் வயிறெல்லாம் ஒரே ராத்திரியில உலக்கையில வளந்ததா?

இதுல இறுகுறது தசை. கூடவே, அடி விழுந்தா அலறாம இருக்கப் பழகுறது மனசு. ஈரலு ஈரலாத்தான் இருக்கும். அதுக்குக் காவலு முழங்கை. விலாவோட ஒட்டி வச்சிக்கோ. முகமது அலி 1974ல கின்ஷாசாவுல ஃபோர்மன்ங்கவன்ட்ட கயித்துல சாஞ்சி நின்னு வாங்குனாரேன்னு நீ கேப்ப. அவரு பாதிய கையில, முழங்கையிலதான் வாங்குனாரு. ஃபோர்மன் குத்திக் குத்திச் சலிச்சான், 8வது ரவுண்டுல அலி முடிச்சாரு. 1980ல அலி மெட்ராசுக்கு வந்தப்போ நேரு ஸ்டேடியத்துக்கு நானும் போனேன். எனக்குத் தெளிவாத் தெரிஞ்சது முன்னால நின்னவன் பிடரிதான். அதுல ஒரு மச்சம் இருந்துது.

இத மட்டும் கேலியாச் சொல்லல, காத நல்லாத் தீட்டிக்கோ. சாப்ட்ட வயித்தோட பழகாத. வயித்துல வாங்குன பொறவு ஒண்ணுக்குல ரத்தம் வந்தாலோ, வயிறு பலகை மாதிரி கெட்டியாயி வலிச்சாலோ, காரணமில்லாம இடது தோளு வலிச்சாலோ, தலை கிறுகிறுன்னு வந்தாலோ, வீரம் பேசிக்கிட்டுப் படுக்காத. பெரியாஸ்பத்திரிக்கு ஓடு. மண்ணீரலு கிழிஞ்சா சில நேரம் அன்னைக்குக் காட்டாது, நாளு கழிச்சிக் காட்டும். ஹூடினி மாதிரி இன்னொரு ஆட்டம் போட்டுட்டுப் பாக்கலாம்னு நெனைக்காத.

சரி, தொண்டை காஞ்சிட்டு. ஆச்சி கருப்பட்டிக் காப்பி கொண்டாந்துட்டா பாரு. குடி. சூடா இருக்கா? ஊதிக் குடி. என்ன, நாளையில இருந்து யாரு குத்துனாலும் அசைய மாட்டியா? அப்படியா? நல்லது, நல்லது. ஒரு வாய் உறிஞ்சிக்கோ.

ஏலே! ஒத்த வெரலத்தானலே வச்சேன். இருமாத, இருமாத, மூக்குல ஏறிரும். நெஞ்சுக்குழிய வெரலு தொட்டதுக்கே அரை டம்ளரு காப்பியும் என் வேட்டியில. நேத்துத்தான் சலவை செஞ்சது. வேட்டிய நீதான் தொவைச்சித் தரணும். வீட்டுக்குப் போனதும் உலக்கைய உங்கம்மாட்ட குடுத்துரு, அவளுக்கு நாளைக்கு மாவிடிக்கணும்.