யானைக்கு எட்டு நிமிடம்

மதுரைப் பக்கம் நாலு குடும்பம் சேர்ந்தால் அதில் ஒரு ரூட்டு சித்தப்பா இருந்தே தீருவார். வங்கியிலோ மின்வாரியத்திலோ வேலை. ஆபீசில் அவர் சொல்லும் யோசனையை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. அதனால் 'மூணாறுக்கு ரெண்டு நாள் கார்ல போயிட்டு வரலாமா' என்று யாராவது வாயை விட்டால் போதும், ஐந்தாண்டுத் திட்டமே கைக்கு வந்த மாதிரி ஆகிவிடுவார். அன்றைக்கு ராத்திரியே வாட்ஸ்அப் குழு. மறுநாள் காலை எக்செல்.

முதல் சண்டை தேதிக்கு. மார்ச் என்றால், "ராஜமலை பூட்டிக் கெடக்கும்பா, வரையாடு குட்டி போடுற நேரம்" என்பார். உண்மைதான். இரவிகுளம் தேசியப் பூங்காவைப் பிப்ரவரி, மார்ச்சில் அதற்காகவே மூடிவிடுகிறார்கள். இந்தச் சித்தப்பாக்களிடம் இதுதான் தொல்லை, தகவலில் குறை பிடிக்க முடியாது. ஏப்ரல் நடுவில் நமக்கு வருசப் பிறப்பு, மலையாளிகளுக்கு விஷு. இரண்டு மாநிலமும் மூணாறு கடைத்தெருவில் ஒரே வரிசையில் நிற்கும். சித்திரைப் பௌர்ணமியை ஒட்டிப் போகலாம் என்றால் அப்பத்தா விடாது: "அழகர் ஆத்துல எறங்குறப்ப ஊரை விட்டுப் போறவன் மனுசனா?" மிச்சம் இருப்பது ஏப்ரல் முதல் வாரத்தில் ஒரே ஒரு சனி, ஞாயிறு. அன்றைக்குத்தான் ஒன்றுவிட்ட தங்கச்சிக்கு வளைகாப்பு. அதை ஒரு வாரம் தள்ளி வைக்க முடியுமா என்று சம்பந்தி வீட்டுக்கே போன் போட்டுக் கேட்பார்.

எக்செல்லில் எல்லாம் உண்டு. காலை 4.30 புறப்பாடு. தேனியில் 6.15க்கு காபி (உட்காராமல்). போடிமெட்டு மலைப்பாதையில் 17 கொண்டை ஊசி வளைவு, வளைவுக்கு ரெண்டு நிமிடம், ஆக 34. தேயிலைத் தோட்டத்துச் சாலையோரம் அந்த மாதத்தில் ஜகரண்டா ஊதாவாகப் பூத்து நிற்கும் அல்லவா, அதற்கும் ஒரு வரி: 'பூ – 10.40 முதல் 10.55 வரை.' கீழே மதுரை கொதித்துக் கொண்டிருக்கும் இளவேனிலை மேலே போய்ப் பார்க்கக் கால் மணி நேரம் தாராளம் என்பது அவர் கணக்கு.

ஆறாவது வளைவில் அக்கா மகன் வாந்தி எடுப்பான்.

"இதுக்கு டைம் போடலையா சித்தப்பா?"

"போட்டிருக்கேன்டா. பதிமூணாவது வளைவுலதான் எடுப்பான்னு நெனச்சேன்."

சித்தி ஒன்றும் பேசாமல் பையிலிருந்து பாலிதீன் கவரையும் எலுமிச்சம்பழத்தையும் எடுப்பாள். அதே பையில் புளியோதரை, பழைய நியூஸ்பேப்பர், குரங்குத் தொப்பி, இன்னொரு செட் டிரவுசர். சித்தியின் பட்டியல் எந்தக் குழுவிலும் வந்ததில்லை; வண்டி ஓடுவது அதை நம்பித்தான்.

மூணாறைத் தாண்டினால் 'யானை – 8 நிமிடம்' என்று ஒரு வரி. அந்தப் பக்கச் சாலைகளில் படையப்பா என்று ஒரு கொம்பன் அவ்வப்போது இறங்கி வந்து வண்டிகளை மறித்து நிற்கும். ஊர்க்காரர்கள் ரஜினி படத்துப் பேரை வைத்தது சும்மா இல்லை. எதிரில் அதுவோ அதன் சொந்தக்காரனோ வந்து நின்றுவிட்டால் வரிசையாக எல்லா வண்டியும் என்ஜினை அணைக்கும். சித்தப்பா வாட்சைப் பார்ப்பார், யானையைப் பார்ப்பார். "இப்பப் போயிரும்" என்பார். அது நிதானமாக ஒரு புல்லுக்கட்டைப் பிடுங்கி, மண்ணைத் தட்டி, வாயில் வைக்கும். அடுத்த கட்டுக்குப் போகும். எட்டு நிமிடம் பதினெட்டாகி, முப்பத்தெட்டாகி, மறையூர் கல்திட்டைகள் எக்செல்லிலிருந்து நீக்கப்படும். அங்கே வாங்க வேண்டிய உருண்டை வெல்லம் 'வண்டியை நிறுத்தாமல்' என்று திருத்தப்படும். அமராவதி அணையும் முதலைப் பண்ணையும் 'வலது பக்க ஜன்னல் வழியாக' ஆகிவிடும்.

வீட்டுக்குத் திரும்பும்போது ராத்திரி பதினொன்று. எல்லாரும் தூங்கி வழிகிறார்கள். வாசலில் பெட்டியை இறக்கிக்கொண்டே சித்தப்பா, "குறிஞ்சி 2018ல பூத்துச்சு. அடுத்தது 2030. ரூமை முன்கூட்டியே பிடிச்சிரணும்" என்று தொடங்குவார். யாரும் பதில் சொல்லாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, தோளில் தூங்கும் பயலைப் பார்த்துக் கவலையோடு கேட்பார்:

"அப்ப இவன் எத்தனாவது படிப்பான்? பூக்கிற நேரம் செப்டம்பர்... காலாண்டுப் பரீட்சை வருமேப்பா?"