கூஸ் வாத்துக்காரர்

பாம்புக்குப் பயந்து வாத்து வாங்கி, பிறகு வாத்துக்குப் பயந்து வாழ்பவர் கூஸ் வாத்துக்காரர். கோவை, திருப்பூர் பக்கம் ஊரைத் தாண்டிப் புதிதாக மனை பிரித்த இடங்களில் அதிகம் தென்படுவார். பணி ஓய்வுக்குப் பின் இந்த நிலையை அடைவோரே மிகுதி. வீட்டைச் சுற்றிப் புதர், ராத்திரியில் சரசரப்பு, நாய் என்றால் மனைவிக்கு ஆகாது. மூன்றும் ஒரே வீட்டில் கூடும்போது யாராவது ஒருவர் வந்து, "கூஸ் வாத்து விடுங்க சார், பாம்பு அண்டாது" என்று சொல்லிவிட்டுப் போவார். சொன்னவர் பிறகு அந்தப் பக்கம் வருவதில்லை.

உண்மையில் அது புல் மேயும் பறவை. பாம்பைத் தேடிப் பிடிப்பது அதன் வேலையல்ல. புதிதாக எது அசைந்தாலும் ஊரைக் கூட்டுவதுதான் அதன் திறமை. இதை எடுத்துச் சொன்னால் வாத்துக்காரர் வரலாற்றுக்குள் புகுந்துவிடுவார். கி.மு. 390இல் கால் (Gaul) இனத்தார் இரவோடு இரவாக ரோமாபுரியின் கேப்பிட்டோல் குன்றில் ஏறியபோது, நாய்கள் தூங்க, ஜூனோ தேவிக்குரிய வாத்துகள்தான் கத்திக் காவலரை எழுப்பின என்ற கதை அவருக்கு மனப்பாடம். ஸ்காட்லாந்தின் டம்பார்டனில் 1959 முதல் பல்லாண்டுகள் விஸ்கிக் கிடங்குக்கு வாத்துகள் காவல் நின்றதையும் சொல்வார். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் சற்றுத் தாழும்.

குஞ்சுப் பருவமே அவருடைய பொற்காலம். ஒற்றைக் குஞ்சாக வாங்கி வந்து, கையிலேயே தீனி கொடுத்து, 'தங்கம்' என்று பெயரிடுவார். அது அவர் காலைச் சுற்றியே ஓடும். தம் நல்ல மனசுக்குக் கிடைத்த அன்பு அது என்று நம்புவார். பொரிந்ததும் கண்ணில் படும் அசையும் உருவத்தைத் தாயாகக் கொள்வது வாத்துக் குஞ்சின் இயல்பு. 1973இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட கொன்ராட் லோரன்ஸ் புகழ்பெற்றதே இதை விளக்கித்தான். மனிதரிடையே தனியாக வளர்ந்த ஆண் வாத்துக்கு மனிதர் மேல் பயம் விட்டுப்போகிறது. வளர்ந்ததும் வீட்டுக்காரரையே போட்டிக்கு நிற்கும் இன்னோர் ஆண் வாத்தாக எண்ணத் தொடங்குகிறது. இந்தக் கௌரவம் அவருக்குத் தாமதமாகத்தான் புரிகிறது.

முட்டைக் காலத்தில் நிலைமை முற்றும். துணைக்கு வந்து சேர்ந்த பெட்டை ஏறக்குறைய 30 நாள் அடைகாக்கும். அந்தக் காலம் முழுவதும் கொல்லை ஆண் வாத்தின் ஆட்சியில் இருக்கும். கழுத்தைத் தரையோடு நீட்டி, உஸ்ஸென்று சீறி, இறக்கையை விரித்துக்கொண்டு வரும். அதற்கு நிஜமான பல் கிடையாது என்றாலும் அலகின் ஓரம் அரம் போலிருக்கும். கடித்ததோடு விடாமல் திருகும். கெண்டைக்கால் அகப்படாவிட்டால் வேட்டி. இறக்கை மூட்டால் அடித்தால் கன்றிப்போகும்.

வாத்துக்காரரை அடையாளம் காண ஒரே வாக்கியம் போதும்: "சும்மா வாங்க, அது ஒண்ணும் பண்ணாதுங்க." இதை அவர் மொட்டைமாடியிலிருந்து சொல்வார். கொல்லைக் குழாயை மூட இறங்கிப் போயிருக்க வேண்டிய நேரம் கடந்திருக்கும், தண்ணீர் வழிந்துகொண்டிருக்கும். இடைப்பட்ட காலத்தில் சிலிண்டர் வண்டிக்காரர் கேட்டுக்கு வெளியிலேயே இறக்கிவிட்டுப் போயிருப்பார். கூரியர் பையன் பார்சலைக் காம்பவுண்டு மேல் தூக்கிப் போட்டிருப்பான். சம்பந்தி வீட்டார் ஒருமுறை வந்ததோடு சரி. கரண்ட் ரீடிங் எடுப்பவரால் மட்டும் அப்படித் தப்ப முடியாது. அவர் கைப்பையை முழங்காலுக்கு முன்னால் பிடித்தபடி மீட்டர் பெட்டியை நோக்கிப் பக்கவாட்டில் நகர்வார்.

இந்த வீட்டில் வாத்து மதிக்கும் ஒரே ஆள் பாத்திரம் கழுவ வரும் அம்மா. சீமாற்றைக் கையில் பிடித்தபடி நேரே நடந்து, "அக்கட்டால போ சாமி" என்பார். அதுவும் போகும். அவர் செய்வதுதான் சரியான முறை. ஓடக்கூடாது, முதுகைக் காட்டக்கூடாது. நேருக்கு நேர் நிமிர்ந்து நின்று, கையை அகல விரிக்க வேண்டும்; விலகுவதானால் மெல்லப் பின்வாங்க வேண்டும். நம்மில் ஒருவர் ஓடும் ஒவ்வொரு முறையும், விரட்டினால் பலன் உண்டு என்று அது கற்றுக்கொள்கிறது. உதைத்தாலும் அடித்தாலும் மூர்க்கம்தான் கூடும். தூக்கியே ஆகவேண்டுமென்றால் இறக்கையோடு சேர்த்து அணைத்து, தலை பின்பக்கம் பார்க்கக் கக்கத்தில் இடுக்கிக்கொள்ளலாம். இத்தனையும் வாத்துக்காரருக்குத் தெரியும். வீடியோ பார்த்துக் கற்றவர், வந்தவர்களுக்கெல்லாம் விளக்கவும் செய்வார். வாத்து திரும்பிப் பார்த்தால் முதலில் ஓடுபவரும் அவர்தான்.

நன்றாகப் பராமரித்தால் இந்த வாத்து 20 ஆண்டுகள் வரை இருக்கும். ஊருக்குப் போகலாமென்றால் தீனி போட ஆள் கிடைக்காது. விற்கவும் மனம் வராது, வாங்கவும் யாரும் வரமாட்டார்கள். குஞ்சுகளுக்கு மட்டும் கிராக்கி உண்டு. அவற்றை இலவசமாகவே, வற்புறுத்தித் தருவார். வாங்குபவர், பெரிய வாத்து இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு கேட்டைத் திறப்பது நல்லது.