முந்தி இல்லாத சேலை

சிங்கப்பூர்
20-8-2023

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நலமாக இருக்கும்போதே மூன்று வாரமாக நோயைப் பற்றி யோசித்ததில் எனக்குத் தலைவலி வந்துவிட்டது. அதற்குக் காப்பீடு கிடையாதாம்.

இந்த ஊர்க்காரர்களுக்கும் என்னைப்போன்ற நிரந்தரவாசிகளுக்கும் 2015 நவம்பரிலிருந்து மெடிஷீல்டு லைஃப் என்று ஒரு மருத்துவக் காப்பீடு உண்டு. வேண்டாம் என்றாலும் விடமாட்டார்கள். ஆனால் அது அரசு மருத்துவமனையில் பி2, சி வார்டுக் கணக்குக்கு நெய்தது. அதற்கு மேலே படுக்க ஆசைப்பட்டால் தனியார் கம்பெனியின் 'இன்டகிரேட்டட் ஷீல்டு'. அதற்கும் மேலே 'ரைடர்'. நம்ம தறிக்காரர் பாஷையில் சொன்னால் சேலைக்கு உடல், ஜரிகைக் கரை, முந்தி மாதிரி.

காப்பீட்டு முகவர் காப்பிக்கடைக்கே வந்துவிட்டார். ஏ வகுப்பில் தனி அறை, பி1-இல் நாலு பேர், சி-யில் ஏசி இல்லை, ஃபேன்தான் என்று விரித்துக் காட்டினார். தனி அறையில் யாரோடு பேசுவது? இரண்டு தறிக்கு நடுவே தூங்கி வளர்ந்தவன் நான். நாடாச் சத்தம் நின்றால்தான் விழிப்பு வரும். இதைச் சொன்னேன். அவர் அதையும் ஒரு நோயாகப் படிவத்தில் எழுதப் பார்த்தார்.

"வீட்டில் யாருக்காவது சர்க்கரை?" என்றார். "யாருக்கு இல்லை என்று கேளுங்கள், சீக்கிரம் முடியும்" என்றேன். சிரிக்கவில்லை. பத்து நாள் கழித்துக் கடிதம் வந்தது: சர்க்கரையால் வருகிற எதற்கும் கரையில் இடமில்லை. உடல் மட்டும் அதையும் சேர்த்துத் தாங்குமாம், ஆயுள் முழுக்க. அரசாங்கத்துக்கு ஒரு கும்பிடு.

இன்னொன்று கேள். பில்லில் முதல் சில ஆயிரம் வெள்ளி நம் கைக்காசு. மீதியிலும் பத்தில் ஒரு பங்கு நம்முடையது. அந்தச் சுமையைக் குறைக்கத்தான் ரைடர். முன்பெல்லாம் ரைடர் இருந்தால் காசே கொடுக்காமல் வீட்டுக்கு வரலாம். சும்மா வருகிற சோறு என்றால் பந்தி நீளும்தானே? 2018-இல் அரசு கையை வைத்தது. புதிதாக ரைடர் எடுப்பவர்கள் குறைந்தது 5 சதவீதமாவது கட்ட வேண்டும். ரைடருக்கான பிரீமியத்தை மெடிசேவ் என்கிற மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்து எடுக்க முடியாது, ரொக்கம்தான். நம்ம சேலை கட்டக் கட்ட விலை இறங்கும். இது வயசு ஏற ஏற விலை ஏறுகிற சேலை.

கடைசியில் பி1 அளவுக்குக் கரை போட்டேன், முந்தி வேண்டாமென்று விட்டேன். "ஆரணிக்காரர் வீட்டில் முந்தி இல்லாத சேலையா!" என்று உன் தம்பி பெண்டாட்டி இரண்டு நாள் பேசவில்லை.

உன் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை என்ன ஆயிற்று? குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம், அண்ணா. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்று சான்று கேட்பார்கள். தறிக்கூலிக்காரன் அதற்குப் பொய் சொல்லத் தேவையே இல்லை. போனமுறை வந்தபோது அட்டை ஜரிகை டப்பாவுக்குள் கிடந்தது. அங்கே எலி வரும். எடுத்து பீரோவில் வை.

அன்புடன்,
தம்பி