டிக்கியில் ஒரு குளம்

மான்செஸ்டர்

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் அனுப்பிய வீடியோ கிடைத்தது. வடக்கே யாரோ ஒருவர், புதுக்காரின் கோளாறு தீரவில்லை என்று அதில் கழுதைகளைக் கட்டி, மேளதாளத்தோடு ஷோரூம் வாசல் வரைக்கும் இழுத்துக்கொண்டு போகிறார். அதற்குக் கீழே "இதைச் செய்" என்று ஒரே வரி எழுதியிருந்தீர்கள். உங்கள் வார்த்தையை நான் தட்டவில்லை, விசாரித்தேன். இங்கிருந்து மேற்கே போனால் பிளாக்பூல் என்று ஒரு கடற்கரை ஊர். அங்கே குழந்தைகளைச் சவாரி ஏற்றிப்போகும் கழுதைகள் உண்டு. ஆனால் அந்தக் கழுதைகளுக்கு 1942லேயே விதிமுறை எழுதி வைத்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை வார விடுமுறை, மத்தியானம் ஒரு மணி நேரம் சாப்பாட்டு இடைவேளை. எனக்கே வெள்ளிக்கிழமை விடுமுறை இல்லை. அந்த ஜீவன்களை என் காரை இழுக்கச் சொன்னால், கழுதை தரப்பில் என்மேல் புகார் வரும், கழுதைதான் ஜெயிக்கும்.

ஆனால் கார் விவகாரம் ஒருவழியாக முடிந்துவிட்டது. போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே நீங்கள் தீர்ப்பு சொல்லிவிடுவீர்கள் என்பதால் காகிதத்தில் எழுதுகிறேன்.

அம்மாவிடம் "சின்ன ரிப்பேர்" என்றுதான் சொல்லி வைத்திருந்தேன். உண்மை என்னவென்றால், காருக்குள் மழை பெய்தது. ஜூன் மாதம் வாங்கினோம். முருகன் கோயிலில் பூஜை போட்டு, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, குறை எதுவும் வைக்கவில்லை. அந்த ஜூன் அதிசயமாகக் காய்ந்தது. மான்செஸ்டர் என்றால் மழை என்று இந்த நாட்டில் கேலி உண்டு. கணக்குப் பார்த்தால், வருஷம் முழுக்க இங்கே பெய்வதைச் சேர்த்தாலும் சென்னை மழை அளவுக்கு வராது. சென்னை இரண்டு மூன்று மாதத்தில் கொட்டித் தீர்ப்பதை இவர்கள் பன்னிரண்டு மாதத்துக்கும் பங்கு போட்டு வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். எங்கள் பங்கு ஆகஸ்டில் வந்து சேர்ந்தது.

முதலில் ஈரச்சாக்கு வாசனை. அப்புறம் கண்ணாடி முழுக்க உள்பக்கமாகப் பனி மூட்டம். அதற்கப்புறம், ரிவர்ஸ் எடுக்கும்போது கத்த வேண்டிய சென்சார், நேரே போகும்போதும் கத்த ஆரம்பித்தது. பின்னால் யாரும் இல்லாத ரோட்டில் யாரையோ இடித்துவிடப் போவதாக அலறிக்கொண்டே வரும். டேஷ்போர்டில் மஞ்சள் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. ஒருநாள் சூப்பர் மார்க்கெட் வாசலில் டிக்கி தானாகத் திறந்துகொண்டது. உள்ளே தரைவிரிப்பைத் தூக்கிப் பார்த்தால், ஸ்டெப்னி இருக்க வேண்டிய பள்ளத்தில் குளம். இப்போதெல்லாம் புதுக்காருக்கு ஸ்டெப்னியே தருவதில்லை மாமா. பஞ்சர் ஆனால் டயருக்குள் அடிக்க ஒரு நுரை டப்பா கொடுக்கிறார்கள். அந்த டப்பா குளத்தில் மிதந்துகொண்டிருந்தது.

சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். அன்பாக வரவேற்றார்கள். காபி இலவசம். காரை வைத்துக்கொண்டு, ஷோரூமின் விளம்பரம் நான்கு பக்கமும் ஒட்டிய ஒரு குட்டிக் காரை எனக்குக் கொடுத்தார்கள். அவர்களிடம் கார் இருந்தபோது ஊருக்கே நல்ல வெயில். "பரிசோதித்தோம், பழுது காணப்படவில்லை" என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார்கள். நான் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் மழை. மறுபடி போனால் பழைய ஆள் இல்லை, புது ஆள். அவரிடம் முதலிலிருந்து கதை. டிக்கியின் ரப்பர் பட்டையை மாற்றினார்கள், மறுபடி குளம். இன்னொரு தடவை, "இந்த மாடலில் இது இயல்புதான்" என்றார் ஒருவர். காருக்குள் தண்ணீர் தேங்குவது இயல்பு என்று விற்பனைப் புத்தகத்தில் எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே இன்னொரு காபி வேண்டுமா என்றார்.

இந்தக் கட்டத்தில்தான் நீங்கள் போனில், "நேரே போய் நாலு பேர் முன்னால் சத்தம் போடு, மேனேஜர் ஓடி வருவான்" என்றீர்கள். மன்னார்குடியில் வருவார். இங்கே என் ஆபீஸ் நண்பர் ஒருவர், நம்மூர்க்காரர்தான், வேறொரு ஷோரூமில் அதைச் செய்து பார்த்தார். கவுண்டரில் ஒரு போர்டு மாட்டியிருக்கிறார்கள்: எங்கள் ஊழியர்களிடம் தகாத முறையில் பேசுவதைப் பொறுத்துக்கொள்ள மாட்டோம் என்று. நண்பர் குரலை உயர்த்தியதும் எதிரில் இருந்த பெண் அந்தப் போர்டைச் சுட்டிக் காட்டிவிட்டு எழுந்து போய்விட்டார். கார் பழுது என்பது போய், நண்பர் பழுது என்பது விவாதமாகிவிட்டது. கடைசியில் மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தவர் அவர்தான். இந்த ஊரில் கோபப்படுபவன் கட்சி தோற்றுவிட்டதாகக் கணக்கு. கொதிக்கிற கோபத்தையும் "சற்றே ஏமாற்றமடைந்தேன்" என்றுதான் எழுத வேண்டும். அதைப் படித்ததும் அவர்களுக்கு வயிறு கலங்குமாம்.

எனக்கு அப்போதுதான் உங்கள் ஞாபகம் வந்தது. சத்தம் போடுகிற மாமா அல்ல. தாசில்தார் ஆபீஸில் ஹெட் கிளார்க்காக இருந்து, ஓய்வு பெற்ற பிறகும் திங்கட்கிழமை தவறாமல் திருவாரூர் கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளுக்கு ஊராரின் மனுவோடு பஸ் ஏறுகிற மாமா. அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை, கோரிக்கை, இணைப்பு, நகல். மனுவில் கண்ணீர் கூடாது, தேதி வேண்டும் என்பீர்களே. ஒரு மனுவுக்கு ஒரே கோரிக்கை என்பீர்களே. அதை அப்படியே இங்கிலீஷில் போட்டேன்.

ஆனால் பெறுநர் யார் என்பதில் ஒரு வேடிக்கை. ஷோரூமுக்கு எழுதுவதா, கார் கம்பெனிக்கா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது கடன் பத்திரத்தை எடுத்துப் படித்தேன். இங்கே புதுக்கார் எடுப்பவர்களில் பெரும்பாலோர் தவணையில்தான் எடுக்கிறார்கள். நம்மூரில் வங்கிக் கடனில் வாங்கினால் ஆர்.சி. புக்கில் வங்கியின் பெயர் ஒரு ஓரத்தில் இருக்கும், உரிமையாளர் நாம்தான். நான் எடுத்த வகைத் தவணையில், கடைசிப் பணம் கட்டும் வரை கார் நிதி நிறுவனத்துக்குத்தான் சொந்தம். ஷோரூமிலிருந்து காரை வாங்கியது அவர்கள். எனக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். லாக் புக் என்று ஒரு சிவப்புக் காகிதம் வருகிறது. அதில் என் பெயர் 'பதிவு பெற்ற பராமரிப்பாளர்'. இது உரிமைக்கான சான்று அல்ல என்று அதிலேயே அச்சடித்திருக்கிறார்கள். மாதாமாதம் பணம் கட்டி, கழுவித் துடைத்து, ஊரெல்லாம் 'என் கார்' என்று சொல்லிக்கொண்டவன் கடைசியில் காருக்குக் காவலாள்! மனைவி மீனாவிடம் சொன்னேன். "அப்போ குளம் அவங்களோடது, அவங்களையே அள்ளச் சொல்லுங்க" என்றாள். சட்டமும் கிட்டத்தட்ட அதைத்தான் சொல்கிறது. காரின் தரத்துக்கு எனக்குப் பொறுப்பு நிதி நிறுவனம்தான்.

சட்டத்தை உங்களுக்குச் சொன்னால்தான் எனக்குத் திருப்தி. நம் 1930 சரக்கு விற்பனைச் சட்டம் வெள்ளைக்காரனின் 1893 சட்டத்தைப் பார்த்து எழுதியது என்பீர்கள். அந்த 1893க்கு 1979இல் ஒரு பிள்ளை, 2015இல் ஒரு பேரன். பேரனுக்கு நுகர்வோர் உரிமைச் சட்டம் என்று பெயர். பொருள் திருப்தியான தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. இல்லையென்றால் முதல் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். ஆனால் பழுது இருக்கிறது என்று நாம்தான் காட்ட வேண்டும். எனக்கு அந்த 30 நாளும் வெயிலில் போயிற்று. அதற்குப் பிறகு பழுதுபார்க்க அவர்களுக்கு ஒரு வாய்ப்பு கொடுக்க வேண்டும். ஒரே ஒரு வாய்ப்பு, மாமா! அது பலிக்கவில்லை என்றால் காரை மறுக்கலாம், அல்லது விலையைக் குறைக்கச் சொல்லலாம். முதல் ஆறு மாதத்துக்குள் தெரிந்த பழுது, கார் கைக்கு வந்தபோதே இருந்ததாகத்தான் எடுத்துக்கொள்ளப்படும். இல்லை என்றால் அதை நிரூபிக்க வேண்டியது அவர்கள். "இன்னும் ஒரு தடவை கொண்டு வாருங்கள் சார்" என்று ஷோரூம் ஏன் அவ்வளவு பாசமாகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது என்று அப்போது புரிந்தது. நாம் போய்க்கொண்டே இருந்தால் ஆறு மாதமும் போய்விடும்.

தேதிகளும் ஜாப் கார்டுகளும் கையில் இருந்தன. 'பழுது காணப்படவில்லை' என்ற காகிதம்கூட நமக்குத்தான் சாட்சி. புகாரோடு நாம் போன தேதியும் அன்றைக்கு ஓடியிருந்த மைலும் அதில் இருக்கின்றன. ஒன்றுதான் குறை. தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று சொன்னால் மனு கனமாக இருக்கும். பழைய மெக்கானிக்குகள் இதற்கு ஒரு வித்தை வைத்திருக்கிறார்கள். டிக்கிக்குள் பவுடரைத் தூவிவிட்டு வெளியிலிருந்து தண்ணீர் அடித்தால், தண்ணீர் வருகிற வழி பவுடரில் கோடாகத் தெரியும். ஊரிலிருந்து அத்தை கொடுத்தனுப்பிய குட்டிக்கூரா டப்பா இருந்தது. தூவினோம். நான் டார்ச்சோடு டிக்கிக்குள் சுருண்டு படுத்துக்கொண்டேன். மீனா கதவைச் சாத்திவிட்டு ஹோஸ் பைப்பால் அடித்தாள். "இப்போ வருதா?" "இல்லை, இடது பக்கம் அடி!" என்று உள்ளிருந்து நான் தமிழில் கத்துகிறேன். சாத்திய டிக்கிக்குள்ளிருந்து ஆண் குரல் அலற, ஒரு பெண் நிதானமாகக் கார் கழுவிக்கொண்டிருப்பதைப் பக்கத்து வீட்டுப் பெரியவர் வேலி ஓரமாக நின்று பார்த்திருக்கிறார். பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். போலீஸைக் கூப்பிடவில்லை. "உங்கள் வீட்டுக்காரர் சௌக்கியமாக இருக்கிறாரா?" என்று மட்டும் கேட்டாராம். மீனா டிக்கியைத் திறந்தாள். தலையிலிருந்து கால்வரை பவுடரோடு நான் எழுந்து உட்கார்ந்து குட் ஆஃப்டர்நூன் சொன்னேன். அவரும் சொன்னார். பின்விளக்குக்கு மேலே, கூரைத் தகடும் பக்கத்துத் தகடும் சேரும் இடத்திலிருந்து ஒரு கோடு அழகாக இறங்கியிருந்தது. அவரே தன் போனில் படம் எடுத்துக் கொடுத்து, தேவைப்பட்டால் சாட்சிக் கையெழுத்தும் போடுவதாகச் சொன்னார்.

மனு ஒரே பக்கம். பொருள்: 2015 சட்டப்படி காரை மறுத்தல். பார்வை: தேதிவாரியாக ஜாப் கார்டுகள். கோரிக்கை: காரை எடுத்துக்கொண்டு கட்டிய பணத்தைத் திருப்பித் தருக. இணைப்பு: படங்கள். நகல்: ஷோரூம். ரசீது இல்லாத மனு மனுவே அல்ல என்பது உங்கள் வாக்கு. ஆகவே ஈமெயிலோடு, கையெழுத்து வாங்கும் தபாலிலும் அனுப்பினேன். புகார் வந்தால் முடிவைச் சொல்ல நிதி நிறுவனத்துக்கு எட்டு வாரம். அதைத் தாண்டினாலோ, முடிவு நமக்குப் பிடிக்காவிட்டாலோ, நிதித் துறை குறைதீர்ப்பாளர் என்று ஒரு அமைப்பு இருக்கிறது. நமக்குச் செலவு கிடையாது. கடைசி வரியில் அந்தப் பெயரை மரியாதையாகக் குறிப்பிட்டிருந்தேன்.

நீங்கள் சொன்ன ஒன்றை மட்டும் செய்யவில்லை. "தவணையை நிறுத்து, தானா வழிக்கு வருவான்" என்றீர்கள். நிறுத்தினால் என் கடன் வரலாற்றில் கறுப்புப் புள்ளி விழும். அப்புறம் வீட்டுக்கடன் கேட்டுப் போனால் வாசலோடு அனுப்பிவிடுவார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு கட்டினேன். இன்னொன்று, காரை மறுத்த பிறகு அதையே ஓட்டிக்கொண்டிருப்பது நல்லதல்ல. 'வேண்டாம் என்றவர் ஏன் ஓட்டுகிறார்' என்று கேட்பார்கள். அதனால் கார் வாசலில் நிற்க, நாங்கள் குடையோடு பஸ்ஸுக்குப் போனோம்.

நிதி நிறுவனம், எந்தத் தரப்பையும் சேராத ஒரு இன்ஜினியரை அனுப்பியது. அதிகம் பேசாத மனிதர். ஒரு ஹோஸ், ஒரு டார்ச். இணைப்பில் பூச வேண்டிய பசை ஓரிடத்தில் பூசப்படவே இல்லை என்று கண்டுபிடித்து, கார் தொழிற்சாலையிலிருந்து வந்தபோதே இருந்த பழுது என்று எழுதிவிட்டார். குளத்தில் ஊறிய ஒயர் இணைப்புகள்தான் சென்சாரின் அலறலுக்கும் டிக்கி திறந்ததற்கும் காரணமாம். இத்தனை பேர் இத்தனை மாதம் காபி கொடுத்துக் காணாததை அவர் ஒரு மதிய நேரத்தில் கண்டார். ஷோரூமில் யாரும் முட்டாள் இல்லை மாமா. காணாமல் இருப்பதில்தான் அவர்களுக்கு லாபம்.

எட்டு வாரம் முடிவதற்குள் சம்மதக் கடிதம் வந்துவிட்டது. முன்பணமும் தவணைகளும் திரும்பி வந்தன. ஆனால் ஓட்டிய மைலுக்கு ஒரு தொகையைக் கழித்துக்கொண்டார்கள். மற்றப் பொருள்களை ஆறு மாதத்துக்குள் இப்படி மறுத்தால் கழிவு கிடையாது, வாகனத்துக்கு மட்டும் உண்டு என்று அதே சட்டத்தில் ஒரு பிரிவு வைத்திருக்கிறார்கள். கார்க்காரர்கள் எந்தக் கதவைத் தட்டினார்களோ! குளத்தைச் சுமந்துகொண்டு போனதற்கு நான் வாடகை கொடுத்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்கைச் சரிபார்த்து, அதிகமாகக் கழித்ததில் கொஞ்சத்தை இன்னொரு மனு போட்டு வாங்கினேன்.

காரை எடுத்துப்போக ஒரு லாரி வந்தது. சாய்தளத்தில் முன்பக்கம் உயர ஏற்றினார்கள். பாதி ஏறியதும் டிக்கி வழக்கம்போலத் தானாகத் திறந்துகொண்டது. அத்தனை தண்ணீரும் லாரிக்காரரின் ஷூவில் கொட்டியது. அவர் குனிந்து பார்த்துவிட்டு, "இதற்காகத்தானா?" என்றார். கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

இப்போது பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்து உட்கார்ந்திருக்கிறார். அவர் குடியிருக்கும் வீட்டுக் கூரை ஒழுகுகிறது. உரிமையாளர்கள் ஆள் அனுப்புவதாகச் சொல்லியே காலத்தை ஓட்டுகிறார்களாம். "அந்தப் பொருள், பார்வை எல்லாம் போட்டு எனக்கும் ஒன்று எழுதித் தர முடியுமா?" என்கிறார். நான் உங்கள் பெயரைச் சொல்லிவிட்டேன். விவரமெல்லாம் தேதிவாரியாக வாங்கி இத்துடன் இணைத்திருக்கிறேன். உங்கள் கட்டணம் என்ன என்று கேட்டார். மன்னார்குடியில் ஒரு மனுவுக்கு ஒரு டிகிரி காபி என்றேன். அவர் வீட்டில் டீதான். சம்மதமா என்று தெரிவிக்கவும்.

அத்தையின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? குட்டிக்கூரா தீர்ந்துவிட்டது, அடுத்த தடவை இரண்டு டப்பாவாகக் கொடுத்தனுப்பச் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மருமகன்

நகல்: அம்மாவுக்கு (குளம் பற்றிய பகுதி நீக்கி)