வெறும் உள்ளூர்க்காரன்

எண்பதுகளின் நடுவில், நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருப்பதாக வீட்டில் நம்பிக்கொண்டிருந்த காலத்தில், கழுத்தில் இரவல் பைனாகுலரும் பையில் ஒரு நாற்பது பக்க நோட்டுமாக வேதாரண்யத்தில் கோடியக்கரை பஸ் ஏறி உட்கார்ந்தால், எனக்குத் தெரியாத பறவை இனிமேல்தான் பிறக்க வேண்டும் என்றொரு மிதப்பு வரும். நோட்டில் இருந்ததெல்லாம் சாலிம் அலியும் ரிப்ளியும் எழுதிய பத்துத் தொகுதிக் கையேட்டிலிருந்து நான் படியெடுத்தவை. நூலகத்தில் அதை வெளியே தரமாட்டார்கள், தந்திருந்தாலும் சுமந்துகொண்டு சேற்றில் நடக்க முடியாது. எல்லா ஊர்களிலும் யாரோ ஒரு பையன் எதையோ இப்படிப் படியெடுத்துக்கொண்டிருந்த காலம் அது. உங்களிடமும் ஒரு நோட்டு இருந்திருக்கும்.

அந்தக் கையேட்டில் ஒவ்வொரு துணையினத்துக்கும் தனி எண், தனிப் பத்தி, சிறகின் நீளம் மில்லிமீட்டரில். நூறு கெஜம் தள்ளி உப்பளத்தில் ஓடிக்கொண்டிருக்கும் உள்ளானின் சிறகை எப்படி அளப்பது என்பதை மட்டும் எழுதாமல் விட்டிருந்தார்கள். “அதெல்லாம் கையில பிடிச்ச பறவைக்குத் தம்பி” என்றார் வளையம் மாட்டும் முகாமில் ஒரு பெரியவர். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் முகாம் அது. பீகாரிலிருந்து வந்த மிர்ஷிகார்கள் இருட்டில் வலைகட்டிப் பிடித்துவந்த கொசு உள்ளான் ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தார்கள். இருபது கிராம் சொச்சம் எடை. ஆர்க்டிக்கிலிருந்து வந்த அதன் நெஞ்சு என் விரலில் அடித்துக்கொண்டது. எந்தத் துணையினம் என்று கேட்க மறந்துபோனேன்.

கைக்கு அகப்படாதவற்றில் என்னைப் பாடாய்ப் படுத்தியது சிறிய கோட்டான் என்ற கரைப்பறவை. ஐரோப்பாப் பக்கம் கூடு கட்டுவதற்குக் கீழ்முதுகும் பிட்டமும் வெள்ளை. கிழக்குச் சைபீரியாக்காரனுக்கு அங்கே பழுப்புப் பட்டைகள். நிற்கும்போது சிறகால் மூடிக்கொள்ளும், பறந்தால்தான் குலம் கோத்திரம் வெளிப்படும். ஆகவே உப்பளத்து வரப்பில் குப்புறப் படுத்து மணிக்கணக்காகக் காத்துக் கிடந்து, அது எழும்பிய இரண்டு நொடியில் கண்ணில் வியர்வை இறங்கி ஒன்றுமே தெரியாமல் போக, கூச்சமில்லாமல் நோட்டில் எழுதினேன்: ‘கிழக்குத் துணையினம். உறுதி.’

இன்றைய பையன்கள் நொடிக்கு இருபது படம் எடுத்து, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து திரையில் பெரிதாக்கி, இரண்டு வாய் டீக்குள் பிட்டத்தைத் தீர்மானித்துவிடுகிறார்கள். பறவை எங்கே போய் இறங்கியது என்று கேட்டால் தெரியாது என்கிறார்கள். எனக்கு அது மட்டும்தான் தெரிந்திருந்தது.

போன மாசியில் அவர்களில் ஒருவன் என்னைத் தனுஷ்கோடிக்கு அழைத்துப்போனான். “சார், அனுமன் உப்புக்கொத்தி!” என்று அவன் மூச்சுவிடாமல் காட்டிய இடத்தில், மணல் நிறத்தில் ஒரு சின்னஞ்சிறு ஆண் பறவை ஓடுவதும் நிற்பதுமாக இருந்தது, அலகுக்கும் கண்ணுக்கும் நடுவே கறுப்புக் கோடு இல்லாத வெள்ளை முகம். கெண்டிஷ் உப்புக்கொத்தியின் துணையினமாக ஒடுங்கிக் கிடந்ததை, மரபணுவும் உடலளவும் ஒப்பிட்டு 2023-இல் தனி இனமாக உயர்த்திவிட்டார்களாம். இருப்பது தென்னிந்தியாவும் இலங்கையும், நடுவில் இராமர் பாலம், அதனால் அனுமன். பதவி உயர்வு தெரியாமல் அது பூச்சி பொறுக்கிக்கொண்டிருந்தது. அதை ஒரு தடவை பார்ப்பதற்காகவே ரயிலேறி வருகிறவர்கள் இருக்கிறார்களாம்.

வீட்டுக்கு வந்து பரணிலிருந்து நோட்டை இறக்கினேன். 1986, பிப்ரவரி, அதே தனுஷ்கோடி. சைபீரிய விருந்தாளிகளைத் தேடி நாளெல்லாம் அலைந்த களைப்பு கையெழுத்திலேயே தெரிந்தது: ‘சின்ன உப்புக்கொத்தி 2. வெறும் உள்ளூர். வேறொன்றும் இல்லை.’